க் என்பதில் புள்ளியைக் காணோம்: பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பறை ஒன்றில் ரெசொலூஷன் கோளாறு

பின்னணி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய கடைவரிசை ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் டியூஷன் மையம் இது. சனிக்கிழமை காலையில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) தமிழ்மொழி வகுப்பு. மாணவர்கள் கூடியதும் பக்கத்து அறையையும் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியை முன்னறையில் நின்று நடத்துவார். அவர் மடிக்கணினியில் காட்டுவது இரண்டு அறைகளிலும் தெரிய வேண்டும். குரல் ஒலிபெருக்கி வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும்.

முன்னறையில் 65 அங்குல 4கே டிவி, அதாவது 3840×2160 பிக்ஸல். பக்கத்து அறையில் கூரையில் தொங்கும் புரொஜெக்டர். அதன் சொந்த ரெசொலூஷன், அதாவது குறுக்கிலும் நெடுக்கிலும் உள்ள பிக்ஸல் எண்ணிக்கை, 1280×800. மேசைக்கு அடியில் ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் (படமும் ஒலியும் சேர்ந்து வரும் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி), ஒன்று உள்ளே, இரண்டு வெளியே. முதல் வெளிவழியிலிருந்து 3 மீட்டர் கேபிள் டிவிக்குப் போகிறது. இரண்டாவதிலிருந்து 15 மீட்டர் செப்புக் கேபிள் பொய்க்கூரைக்கு மேலே ஏறி, ஏர்கான் குழாயோடு வளைந்து, புரொஜெக்டரில் இறங்குகிறது.

ஆசிரியையின் பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை இருந்தது, திரை 1920×1080. சில ஆண்டுகளாக அதைச் செருகினால் இரண்டு அறைகளிலும் படம் வந்தது. பக்கத்து அறையில் எழுத்து கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அது பழகிப்போன மங்கல், யாரும் அதைக் கோளாறு என்று எண்ணவில்லை.

தமிழ்ப் பாடத்துக்கு இந்த மங்கல் சாதாரண விஷயமல்ல. ஆங்கில எழுத்து லேசாகக் கலங்கினாலும் சொல்லின் வடிவத்தை வைத்துப் படித்துவிடலாம். தமிழில் க-வுக்கும் க்-க்கும் இடையே நிற்பது ஒரே ஒரு புள்ளி. எ-வும் ஏ-யும் ஒரு கீழ்க்கோட்டில் பிரிகின்றன. கொ-வும் கோ-வும் கொம்பின் மேல்சுழியில் பிரிகின்றன. வலிமிகும் இடம், வலிமிகா இடம் நடத்தும் வகுப்பில் ஒற்று தெரியாவிட்டால் பாடமே இல்லை.

கோளாறு தொடங்கிய விதம்

ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஆசிரியைக்குப் புது மடிக்கணினி வந்தது: 14 அங்குலம், 1920×1200, விண்டோஸ் 11, யூஎஸ்பி-சி துளைகள் மட்டும். எச்டிஎம்ஐக்காக, யூஎஸ்பி-சி துளையிலிருந்து மற்ற துளைகளைத் தரும் ஹப் ஒன்று வாங்கினார்கள். அதே வாரம் முன்னறைக்குச் சாயம் பூச மேசை நகர்த்தப்பட்டது. ஸ்பிளிட்டரைக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்பச் செருகினார்கள். இரண்டாவது மாற்றத்தை யாரும் குறித்து வைக்கவில்லை.

முதல் சனிக்கிழமை டிவியில் எழுத்துகள் தடித்து அகலமாக நின்றன, வட்டங்கள் முட்டை போலத் தெரிந்தன. செட்டிங்ஸில் பார்த்தால் 1024×768. அதற்கு மேல் எதையும் தேர்ந்தெடுக்க இடமில்லை. கேட்டல் பயிற்சிக்கான ஒலிப்பதிவைப் போட்டபோது டிவியில் சத்தம் வரவில்லை, மடிக்கணினியின் சிறு ஸ்பீக்கரில்தான் வந்தது. நடுவே ஒருமுறை கேபிளைக் கழற்றிச் செருகியதும் 1280×800 ஆனது, சத்தமும் டிவிக்கு வந்தது. மதியத்துக்குள் மீண்டும் 1024×768.

"எல்சிடியில ஒண்ணும் தெளிவா இல்ல தம்பி. டிவியிலயும் இப்போ அப்படித்தான். புது லேப்டாப்தான் சரியில்லை போல," என்று ஆசிரியை மையத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் இளைஞரிடம் சொன்னார். பள்ளிக்கூடப் பேச்சில் புரொஜெக்டருக்கு இங்கே எல்சிடி என்றுதான் பெயர். மடிக்கணினிதான் குற்றவாளி என்ற முடிவு அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் முழுவதும் அந்த முடிவின் மேலேயே ஓடியது.

முதல் வாரத்து முயற்சிகள்

கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருளை, நீக்கிப் புதிதாக நிறுவினார்கள், மாற்றமில்லை. ஹப்பைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினார்கள், மாற்றமில்லை. மூன்றாவதாக, கிராஃபிக்ஸ் மென்பொருளில் கஸ்டம் ரெசொலூஷன் என்று 1920×1080-ஐ வலிந்து திணித்தார்கள். டிவியில் எழுத்து சரியான அகலத்துக்கு வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. சத்தம் மட்டும் இன்னும் டிவிக்குப் போகவில்லை. அதை ஒலி அமைப்பின் தனிப் பிரச்சினை என்று ஒதுக்கினார்கள்.

இந்த மூன்றாவது முயற்சி நோயை மறைத்துவிட்டது. திரை என்ன சொல்கிறது என்று கேட்காமலே ஒரு சிக்னலை அனுப்ப வைக்கிறது அது. திரை அதை ஏற்றுக்கொள்கிற வரை படம் தெரியும். ஆனால் அந்த ஒரு மடிக்கணினிக்கு மட்டும்தான்.

இரண்டாம் சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு வந்த வேறொரு ஆசிரியர் தன் மடிக்கணினியைச் செருகினார். எச்டிஎம்ஐ துளை உள்ள சாதாரணக் கணினி, ஹப் இல்லை. அதிலும் 1024×768, அதிலும் டிவியில் சத்தமில்லை. குற்றவாளி மடிக்கணினி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அன்று மதியமே இரண்டு டெக்னீஷியன்களை அழைத்தார்கள்.

திரை தன்னைப் பற்றிச் சொல்வது

கண்டறிந்ததைச் சொல்லும் முன் ஒரு விளக்கம். எத்தனை பிக்ஸல் அனுப்புவது என்பதை மடிக்கணினி தானாக முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு திரையின் உள்ளும் ஈடிஐடி என்ற சிறிய அட்டவணை இருக்கிறது. அடிப்படைக் கட்டு 128 பைட். எச்டிஎம்ஐ திரைகளில் இன்னொரு 128 பைட் கட்டாவது சேர்ந்திருக்கும். முதல் கட்டில் தயாரிப்புக் குறி, பெயர், திரை விரும்பும் ரெசொலூஷன். அடுத்ததில் ஒலி வசதி, வீடியோ வகைகள், 'நான் எச்டிஎம்ஐ திரை' என்ற அடையாளம். ஒவ்வொரு கட்டின் 128 பைட்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையென்றால் வாசிப்பில் பிழை.

மடிக்கணினி இந்த அட்டவணையை வாசித்துத்தான் பட்டியலைக் காட்டுகிறது. வாசிக்க முடியாவிட்டால் விண்டோஸ் அந்தத் திரைக்கு 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று பெயர் வைத்து, 1024×768 போன்ற ஒரு பாதுகாப்பான அளவில் நின்றுவிடுகிறது. எச்டிஎம்ஐ அடையாளமும் கிடைக்காததால் எதிரே இருப்பது ஒலி இல்லாத, டிவிஐ என்ற பழைய வகைத் திரை என்று எண்ணி, சத்தத்தை அனுப்புவதில்லை. முதல் வாரத்தில் 'தனிப் பிரச்சினை' என்று ஒதுக்கிய அந்தச் சத்தம்தான் உண்மையில் முதல் துப்பு. ரெசொலூஷன் குறைந்து சத்தமும் சேர்ந்து போனால், டிரைவரைத் தொடும் முன் அட்டவணை வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்டறிதல்

டெக்னீஷியன்கள் செய்த முதல் வேலை, கஸ்டம் ரெசொலூஷனை நீக்கியது. அது இருக்கும்வரை எந்தச் சோதனையையும் நம்ப முடியாது. பிறகு ஒவ்வொரு கட்டமாகச் சங்கிலியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே. அங்கே திரையின் பெயர், டெஸ்க்டாப் மோட் (விண்டோஸ் படத்தை வரையும் அளவு), ஆக்டிவ் சிக்னல் மோட் (கேபிளில் உண்மையில் போகும் அளவு) மூன்றும் இருக்கும்.

ஹப்பிலிருந்து 1.5 மீட்டர் கேபிளில் நேரே டிவி. டிவியின் பெயர் வந்தது, 3840×2160 வந்தது, 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 படம்), சத்தமும் வந்தது. மடிக்கணினியும் ஹப்பும் குற்றமற்றவை.

30 ஹெர்ட்ஸ் என்பது இங்கே கோளாறு இல்லை. இத்தகைய ஹப்கள் யூஎஸ்பி-சியில் உள்ள நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டை யூஎஸ்பி துளைகளுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டில்தான் படத்தை அனுப்புகின்றன. தடத்துக்கு நொடிக்கு 5.4 கிகாபிட் வேகம் என்றால், குறியீட்டுச் செலவு போக இரண்டு தடங்களிலும் சேர்த்து 8.64 கிகாபிட் கிடைக்கும். 4கே, 60 ஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட 12.8 வேண்டும். ஆகவே 30. சுட்டி திக்கித் திக்கி நகரும். இந்த மாதிரி ஹப்பில் 4கே-யை விட 1080பி (1920×1080) 60 ஹெர்ட்ஸ் பாடத்துக்கு மேல்.

அடுத்து ஸ்பிளிட்டர், அதில் டிவி மட்டும். சரியாக இருந்தது. பிறகு 15 மீட்டர் கேபிளையும் செருகினார்கள். திரை ஒருமுறை கறுத்து, 1024×768-க்கு இறங்கியது.

இப்போதுதான் ஸ்பிளிட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். வெளிவழி 1-இல் நீளக் கேபிள், 2-இல் டிவி. சாயம் பூசிய நாளில் இடம் மாறியிருந்தது. இந்த ஸ்பிளிட்டர் முதல் வெளிவழியில் இருக்கும் திரையின் அட்டவணையைத்தான் மடிக்கணினிக்குக் காட்டும். அங்கே எதுவும் செருகாதபோது மட்டும் இரண்டாவதைக் காட்டும். முன்பு டிவி பேசியது, இப்போது புரொஜெக்டர் பேசுகிறது. 1280×800 வந்த நேரங்களுக்கு விடை கிடைத்தது. அது புரொஜெக்டரின் சொந்த அளவு. அட்டவணை முழுதாக வந்ததால் சத்தமும் வந்தது.

ஆனால் 1024×768? புரொஜெக்டர் ஏன் பாதி நேரம் வாய் திறக்கவில்லை? நீளக் கேபிளை நேரே ஹப்பில் செருகி, கழற்றி, மீண்டும் செருகிப் பார்த்தார்கள். பத்து முறையில் ஆறு முறை பெயரில்லாத மானிட்டர். ஒரு முறை பெயர் வந்தது, ஆனால் இரண்டாவது கட்டின் கூட்டுத்தொகை தப்பு. பிறகு ஏணியில் ஏறி, மடிக்கணினியைக் கையில் பிடித்தபடி, 2 மீட்டர் கேபிளில் புரொஜெக்டரோடு நேரே இணைத்தார்கள். பத்து முறையும் பெயர் வந்தது. கேபிள்தான்.

கேபிள் கெட்டது என்றால் படம் மட்டும் எப்படி வருகிறது என்பது நியாயமான கேள்வி. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் படம் போகும் பாதை வேறு, அட்டவணை வரும் பாதை வேறு. படம் முறுக்கிய இணைக் கம்பிகளில் போகிறது. வழியில் தேய்ந்தாலும் மறுமுனையில் ஓரளவு ஈடுசெய்ய முடியும். அட்டவணை 15, 16 எண் முனைகளில் இரண்டு சாதாரணக் கம்பிகளில் மெதுவாக வருகிறது. அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுப்பது ஒரு ரெசிஸ்டர் மட்டுமே. கேபிள் நீளநீள மின்தேக்கம் (கம்பி மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) கூடி, சிக்னலின் மேலேறும் விளிம்பு சாய்ந்துவிடும். எச்டிஎம்ஐ விதிப்படி கேபிளுக்கு அனுமதி 700 பிக்கோஃபாரட். மெல்லிய 15 மீட்டர் கேபிள் இந்த எல்லையில் அல்லது அதைத் தாண்டி நிற்கும். ஒரு நாள் 1 என்று படிப்பது மறுநாள் 0 ஆகும். 18-ஆம் முனையில் போகும் 5 வோல்ட்டும் மெல்லிய கம்பியில் சற்றுக் குறைந்தே போய்ச் சேரும். பழைய ஏற்பாட்டில் இந்தப் பலவீனம் வெளியே தெரியாததற்குக் காரணம் எளிது: அப்போது அந்தக் கேபிள் வழியாக யாரும் அட்டவணையைக் கேட்கவே இல்லை.

முதல் முடிவு: வெளிவழிகளை மாற்றுதல்

அந்த வாரத்து வகுப்புக்கு உடனே ஒரு வழி வேண்டும். கேபிள்களைப் பழைய இடத்துக்கு மாற்றினார்கள். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. 1920×1080 வந்தது, சத்தம் வந்தது. ஸ்பிளிட்டரின் பின்பக்கம் '1 டிவி', '2 எல்சிடி' என்று ஒட்டினார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை அகலம் சரி, சத்தம் சரி. ஆனால் டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, எழுத்தில் மெல்லிய மூட்டம். பழைய மடிக்கணினியில் இப்படி இருந்ததில்லை. அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் விடை இருந்தது: டெஸ்க்டாப் மோட் 1920×1200, ஆக்டிவ் சிக்னல் மோட் 1920×1080.

ஆசிரியை டூப்ளிகேட் முறையில் வைத்திருந்தார், அதாவது இரண்டு திரைகளிலும் ஒரே படம். பழைய மடிக்கணினியின் திரையும் 1080 வரிதான். இரண்டும் பொருந்தியதால் சிக்கல் எழவில்லை. புதியது 1200 வரி. விண்டோஸ் மடிக்கணினித் திரையின் அளவில் படத்தை வரைந்து, அதை 1080 வரிக்குள் சுருக்கி அனுப்பியது. அகலம் 1728 பிக்ஸலாகக் குறைந்து, பக்கத்துக்கு 96 பிக்ஸல் கறுப்பு. ஒவ்வொரு 10 பிக்ஸலும் 9 ஆகச் சுருங்கும்போது புள்ளியின் ஓரம் சாம்பலாகிவிடும்.

எக்ஸ்டெண்டு முறைக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் ஆசிரியை மாணவர்களைப் பார்த்தபடி, தன் முன்னே உள்ள திரையில் எழுதிக் காட்டுகிறவர். அவருக்கு இரண்டிலும் ஒரே படம் வேண்டும். கருவிக்காக அவர் பாடம் நடத்தும் முறையை மாற்றச் சொல்வது சரியாகப் படவில்லை. டூப்ளிகேட்டை வைத்துக்கொண்டே டெஸ்க்டாப் அளவை 1920×1080 ஆக மாற்றினார்கள். மேலும் கீழும் சிறு பட்டை மடிக்கணினியில் வரும். அது ஒருவர் பார்க்கும் திரை, சுவரில் இருப்பது வகுப்பே பார்க்கும் திரை.

டிவியில் இன்னொரு சிறு வேலை. டாஸ்க்பாரின் கீழ் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. டிவி உள்வரும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேன் பழக்கம் அது. படஅளவு அமைப்பை முழுப் படத்தையும் காட்டும் நிலைக்கு மாற்றி, அந்த உள்வழிக்கு 'பிசி' என்று பெயர் வைத்தார்கள். பல டிவிகளில் இந்தப் பெயர் மாற்றமே எழுத்தோரத்து நிறக்கசிவையும் தேவையற்ற கூர்மையூட்டலையும் நிறுத்திவிடும்.

பக்கத்து அறை

முன்னறை தெளிந்ததும் பக்கத்து அறையின் பழைய மங்கல் வெளியே தெரிந்தது. அதை இம்முறை விடவில்லை.

சோதனைப் பக்கம் ஒன்றைத் தயாரித்தார்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ எழுத்துருவில் 18, 24, 32 புள்ளி அளவுகளில் க க், ன ன், எ ஏ, கொ கோ என்று கலைத்துப் போட்ட வரிகள். கீழே ஒரு பிக்ஸல் கறுப்பு, ஒரு பிக்ஸல் வெள்ளை என்று மாறி மாறி நிற்கும் கோடுகள். கடைசி வரிசை மாணவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். 24 புள்ளியில் 'கேட்க' என்பதை அவர் 'கேடக' என்று படித்தார், தயங்கி, பிறகு திருத்தினார். சொல் தெரிந்ததால் திருத்த முடிந்தது. தெரியாத சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அருகில் போய்ச் சுவரைப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பிக்ஸல் கோடுகள் சீராக இல்லாமல் அலையலையாகத் தடித்தும் மெலிந்தும் ஓடின. ட்-இன் புள்ளி ஒரு வரியில் கறுப்பாகவும், நான்கு வரி தள்ளி வெறும் சாம்பல் கறையாகவும் இருந்தது. ஒரே எழுத்து, ஒரே அளவு.

இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. முதலாவது, 1920 பிக்ஸல் அகலம் 1280-க்குள் போகிறது. மூன்று பிக்ஸல் இரண்டாகிறது. 24 புள்ளி எழுத்தில் மெய்ப்புள்ளி மூன்று நான்கு பிக்ஸல் அகலம்தான். அது இரண்டு பிக்ஸல் இடைவெளியில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துக் கறுப்பாகவோ சாம்பலாகவோ மாறும். இரண்டாவது, கீஸ்டோன். புரொஜெக்டர் சாய்வாக மாட்டப்பட்டிருந்ததால் படம் கீழே அகன்று மேலே குறுகி விழுந்தது. அதை மெனுவில் கீஸ்டோன் திருத்தி நேராக்கியிருந்தார்கள். கீஸ்டோன் ஒளியை வளைப்பதில்லை. படத்தின் ஒவ்வொரு வரியையும் வேறு வேறு அளவில் சுருக்குகிறது. அந்த அலைகள் அதனால் வந்தவை.

இரண்டாம் முடிவு: ரெசொலூஷனைக் குறைத்தல்

கீஸ்டோனைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மாட்டியின் திருகுகளைத் தளர்த்தி, புரொஜெக்டரைச் சுவருக்கு நேராகத் திருப்பினார்கள். படம் சுமார் ஒரு சாண் மேலே போனது. வெள்ளைத் திரையையும் ஏற்றிக் கட்டினார்கள். முக்கால் மணி நேர வேலை.

ரெசொலூஷனில்தான் விவாதம் நடந்தது. ஸ்பிளிட்டர் இரண்டு திரைக்கும் ஒரே சிக்னலைத்தான் தரும். ஒன்று 3840×2160, மற்றது 1280×800. 1080பி-யில் டிவிக்குச் சரியாக இரண்டு மடங்கு, புரொஜெக்டருக்கு உடைந்த கணக்கு. 1280×800 அனுப்பினால் புரொஜெக்டருக்குப் பொருத்தம், டிவிக்கு உடைந்த கணக்கு.

1280×720-ஐ எழுதிப் பார்த்தபோது கணக்கு இரு பக்கமும் நேராக நின்றது. டிவியில் 1280 மும்மடங்கானால் 3840. 720 மும்மடங்கானால் 2160. புரொஜெக்டரில் ஒன்றுக்கு ஒன்று. மேலும் கீழும் 40 வரி மட்டும் காலி. உயர்ந்த ரெசொலூஷன் என்றால் தெளிவு என்று பழகிய கண்ணுக்கு, குறைப்பதுதான் தெளிவு என்பதை ஏற்பது கடினம். ஆசிரியைக்கும் கடினமாகத்தான் இருந்தது.

டிவியில் இது முரடாகத் தெரியுமா? 65 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 144 சென்டிமீட்டர். 1280-ஆல் வகுத்தால் ஒரு பிக்ஸல் 1.1 மில்லிமீட்டர் சற்று மிகும். 4 மீட்டர் தூரத்தில் அது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு நிமிடக் கோணம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் எல்லை அதுதான். நடு வரிசைக்குப் பின்னால் வேறுபாடு தெரியாது. 2 மீட்டரில் உட்காரும் முதல் வரிசைக்கு எழுத்தோரம் சற்றுப் படிக்கட்டாகத் தெரியும், ஆனால் புள்ளி தெரியும். படமும் காணொளியும் மிகுந்த பாடம் என்றால் இந்த முடிவை எடுத்திருக்கக்கூடாது. எழுத்துக்கான பாடம் என்பதால் எடுத்தார்கள்.

விண்டோஸில் டெஸ்க்டாப்பை 1280×720 ஆக்கி, எழுத்தையும் படக்குறிகளையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலை 150 சதவீதத்திலிருந்து 100-க்கு இறக்கினார்கள். இல்லாவிட்டால் எல்லாம் பூதாகரமாகித் திரையில் பாதி வரிதான் நிற்கும். புரொஜெக்டரின் படஅளவு மெனுவில், நீட்டாமல் உள்ளபடியே காட்டும் நிலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிக்ஸல் கோடுகள் சுவரில் சீப்புப் பல் போல நின்றன. அதே மாணவர் 18 புள்ளி வரியைத் தயங்காமல் படித்தார்.

தொடர்ந்து நடந்தது

நான்காம் சனிக்கிழமை ஆசிரியையின் கணினியில் எல்லாம் சரி. விண்டோஸ் அந்தத் திரைக்கான அமைப்பை நினைவில் வைத்திருந்தது. ஆனால் சிறப்பு வகுப்பு ஆசிரியரின் கணினி டிவியின் அட்டவணையைப் படித்து, தனக்குத் தெரிந்த பெரிய அளவுக்குப் போனது. பக்கத்து அறையில் மீண்டும் மங்கல். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் செட்டிங்ஸை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்பிளிட்டரை மாற்றினார்கள். புதியதில் சிறு சுவிட்சுகள் உண்டு. எந்தத் திரையின் அட்டவணையையும் எடுக்காமல், தனக்குள் வைத்திருக்கும் ஒன்றையே எப்போதும் காட்டும்படி அமைக்கலாம். அதை 720பி, 60 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ ஒலி நிலையில் வைத்தார்கள். இப்போது எந்தக் கணினியைச் செருகினாலும் தானாக 1280×720-க்கு வருகிறது. இனி கேபிள்கள் இடம் மாறினாலும் பாதிப்பில்லை. அட்டவணை நீளக் கேபிளைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

நீளக் கேபிளை ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளாக மாற்றும் யோசனையும் வந்தது. 720பி-க்குப் பழைய செப்புக் கேபிள் படத்தை ஒழுங்காகவே கொண்டுபோகிறது. பொய்க்கூரையைத் திறக்கும் செலவு இப்போதைக்கு வீண். மாற்றும் நாள் வந்தால் கவனிக்க ஒன்று உண்டு: ஒளியிழைக் கேபிளுக்குத் திசை இருக்கிறது. கணினி முனை, திரை முனை என்று அதில் எழுதியிருக்கும். தலைகீழாக இழுத்துவிட்டால் படமே வராது, மறுபடி கூரையைத் திறக்க வேண்டியதுதான்.

முன்னறை மட்டும் நடக்கும் வார நாள் வகுப்புகளுக்கு டிவியின் இரண்டாவது உள்வழியில் தனியாக ஒரு 3 மீட்டர் கேபிள் போட்டார்கள். அதில் ஸ்பிளிட்டர் இல்லை. 1080பி, 60 ஹெர்ட்ஸ். காணொளி காட்டும் பாடங்கள் அதில் போகின்றன.

அடுத்த முறை மாற வேண்டியவை

மேசையை நகர்த்தும் முன் ஸ்பிளிட்டரின் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தால், முதல் வாரம் முழுவதும் மிச்சமாகியிருக்கும். புதுக் கருவி வரும் வாரத்தில் வேறு வேலையை வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், சந்தேகம் ஒரே இடத்தில் நின்றிருக்கும்.

டிரைவரைத் தொடும் முன் வேறொரு மடிக்கணினியைச் செருகிப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் அந்தச் சோதனை இரண்டாம் சனிக்கிழமை தற்செயலாகத்தான் நடந்தது. டெக்னீஷியன்கள் தங்கள் வேலைமுறையில் இதை முதல் படியாக மாற்றிக்கொண்டார்கள். கஸ்டம் ரெசொலூஷன் என்பது காரணம் தெரிந்தபின் பயன்படுத்தும் கருவி. காரணம் தெரியாதபோது தொடக்கூடாது.

புரொஜெக்டர் மாட்டும் நாளிலேயே கீஸ்டோன் சுழியத்தில் படம் நேராக விழுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மெனுவில் திருத்துவது ஒரு நிமிடம், மாட்டியைத் திருத்துவது முக்கால் மணி. அந்த நேரத்தை மிச்சம் பிடித்ததில் பக்கத்து அறை மாணவர்கள் சில ஆண்டுகள் ஒற்றில்லாத தமிழைப் பார்த்திருக்கிறார்கள்.

சோதனைப் பக்கம் இப்போது மையத்தின் கணினியில் முகப்பிலேயே இருக்கிறது. சனிக்கிழமை வகுப்புக்கு முன் பக்கத்து அறையின் கடைசி வரிசையில் யாராவது ஒருவர் உட்கார்ந்து 18 புள்ளி வரியைப் படிக்கிறார். க், ட், ன் மூன்றும் கேட்டால் பாடம் தொடங்குகிறது.